ஆள் இருக்கும் வீட்டைக் காட்டத் தெரிந்த செங்கோட்டைத் தரகர்

நான் புனலூரில் இருக்கிறேன். அப்பா கட்டின வீடு செங்கோட்டையில். பூட்டிப்போட மனசில்லாமல் வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருந்தவர்கள் காலி செய்யும் முன்பே அடுத்த குடும்பத்தைப் பார்த்துத் தந்த தரகர் அண்ணாச்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொன்னதால் பெயர் போடவில்லை. ஐந்துக்கு நாலரை.

இதற்கு முன் வேறொருவர் இருந்தார். மாற்றுச் சாவி கையில் இருக்கிறது என்று, குடியிருந்த பெண் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டால், “உங்க வீடுதானம்மா” என்கிறார். பட்டா என் பேரில் இருக்கலாம். வாடகை வாங்கிய பிறகு அந்தக் கதவு அவர்களுடையது. அன்றைக்கே சாவியைத் திருப்பி வாங்கினேன்.

இந்த அண்ணாச்சி ஒப்பந்தம் எழுதும்போதே விஷயத்தை எடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தகவல் தரவேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்கவேண்டும். மராமத்துக்கு வரலாம், வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வரலாம். வேறு நியாயமான காரணம் என்றால் அது ஒப்பந்தத்தில் இருக்கணும். அதனால் அவரே ஒரு வரி சேர்த்தார்: காலி செய்வதாகச் சொன்ன பிறகு, முன்தகவல் கொடுத்து, குடியிருப்பவர் முன்னிலையில் புது ஆட்களுக்கு வீட்டைக் காட்டலாம். இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம். இங்கே புனலூரில் சிலர் கேரளத்தின் 1965 சட்டத்தைச் சொல்லிக் குழப்புவார்கள். வீடு எந்த மாநிலமோ அந்த மாநிலச் சட்டம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். முந்தின நாளே சீட்டு எழுதிக் கொடுத்து, அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “தங்கச்சி, வரலாமா?” என்று கேட்டு, அந்தப் பெண் கதவைத் திறந்த பிறகுதான் ஆட்களை விட்டார். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையை வாசலில் நின்றே பார்க்கச் சொன்னார். ஒருவர் செல்போனைத் தூக்கியதும், “அவங்க சாமான் இருக்கு, போட்டோ வேண்டாம் சார்” என்று கையைத் தாழ்த்திவிட்டார். அடுக்களைக் குழாயைத் திறந்து காட்டினார், மோட்டாரைப் போட்டுக் காட்டினார். சாரல் காலத்தில் பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறும் என்பதை அந்தப் பெண்ணே சொன்னாள். அண்ணாச்சி தடுக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. குறையை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிற குடும்பம் நாளைக்கு என்னிடம் சண்டைக்கு வராதே! கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி என்பதையும் அவளேதான் சொன்னாள். வந்தவர்கள் அதில்தான் விழுந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கமிஷன் ஒரு மாத வாடகை, இரண்டு பக்கமும் வாங்குகிறார். ரசீது கேட்டால்தான் வரும். ஒப்பந்தத்தை அரசு இணையதளத்தில் பதிவதும் நம் பாடு. அதை விட்டுவிடாதீர்கள், 11 மாத ஒப்பந்தமானாலும் பதிந்தாக வேண்டும்.

பழைய குடும்பம் சொன்ன தேதியில் கிளம்பியது. சுவரையும் மின்கட்டணத்தையும் பார்த்துவிட்டு முன்பணத்தை அன்றைக்கே கொடுத்தேன். வெள்ளையடிக்க ஒரு வாரம் போனது, அவ்வளவுதான். தென்காசி, புளியரை வரைக்கும் வருகிறார்.