கிட்டார் மரங்கள்: இரண்டு மழைக்காலம் போன பிறகு தெரிவது

புதிதாகக் கட்டிய கிட்டார் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். மரத்தைச் சரியாகத் தேர்ந்தோமா என்பது இரண்டு ஐப்பசியும் இரண்டு கத்திரி வெயிலும் போன பிறகே தெரியும். கம்பிகளை மேல்பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால் பலகை புடைக்கும், பின்பலகையில் கீறல் விழும், விரல்பலகை சுருங்கி, அதில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகள் கையைக் கீறும். இந்த மூன்றுக்குமே மரத்தின் பெயர் காரணமாக இருப்பது அபூர்வம். அறுத்த விதமும் உள்ளே நின்ற ஈரமும்தான் காரணம். கீழே சொல்வதெல்லாம் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு.

காசு போக வேண்டிய இடம் மேல்பலகை. 12–53 செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோவுக்கு இழுக்கும். அதை 3 மி.மீ.கூட இல்லாத பலகை தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். எடை குறைந்து விறைப்பு மிகுந்த மரம் என்பதால்தான் அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா பக்கத்து சிட்கா ஸ்ப்ரூஸ் இதில் நிலைத்துவிட்டது. விற்பவர்கள் போடும் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ தரமெல்லாம் பெரும்பாலும் கண்ணுக்கானவை: வரி நெருக்கம், நிறம் ஒரே சீராக இருப்பது, இவ்வளவுதான். நிறம் கலைந்த ஏ பலகை, பளிச்சென்ற டிரிபிள் ஏ பலகையைவிட விறைப்பாக இருப்பது சாதாரணம்.

அதைக் கையால் வளைத்துப் பார்த்து ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். 550 × 200 × 4 மி.மீ. அளவுக்கு இழைத்த ஒரு பாதிப் பலகையை (மேல்பலகை இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்வது) சமையலறைத் தராசில் வையுங்கள். நல்ல சிட்கா 175 முதல் 195 கிராமுக்குள் இருக்கும். பிறகு 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் அதை வைத்து, நடுவில், அகலம் முழுக்கப் படும்படி ஒரு குச்சியை வைத்து 1 கிலோ ஏற்றுங்கள். சுமார் 2.2 மி.மீ. தாழ்ந்தால் விறைப்பு நல்ல சிட்காவுக்கு உரியது. 3 மி.மீ. தாழ்ந்தால், மேல்பலகைக்குப் போகும் இன்னொரு மரமான சிடாரின் அளவு. அப்படியானால் பலகையைத் தடிமனாக விட வேண்டும். விறைப்பு தடிமனின் முப்படியோடு ஏறி இறங்குவதால் 3 மி.மீ.யை 2.7 ஆக்கினாலே கால் பங்குக்கு மேல் போய்விடும். புத்தகத்தில் போட்ட தடிமனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இழைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதே அளவுச் சோதனையில் நல்ல மதிப்பு வந்தால் 2.7-இல் நிறுத்தலாம், சிடாருக்கு 3.0-க்குக் கீழே போக வேண்டாம்.

அடுத்து நார் ஓட்டம். பலகையின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி ஆரவாக்கில் அறுத்த பலகையில் வரிகளுக்குக் குறுக்கே பட்டுப் போன்ற மினுமினுப்புத் தெரியும். இது பாதிப் பரிசோதனைதான். முகத்தில் வரி நேராகத் தெரிந்தாலும் நார் பலகைக்குள்ளிருந்து சரிந்து வெளியே ஓடலாம். வீணாகப் போகும் ஓரத்தில் உளியை வைத்துப் பிளந்து பாருங்கள். 100 மி.மீ. நீளத்துக்குள் பிளவு ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடலாம். இரண்டு பாதிகளையும் புத்தகம்போல் விரித்து ஒட்டிய பிறகு இதே குறை வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும்: வெளிச்சத்தில் ஒரு பாதி பளபளக்கும், மறுபாதி மங்கும், கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டும் இடம் மாறும். அழகுக் குறை என்று விட்டுவிட்டால், நாளடைவில் பிரிட்ஜ் நாரை உரித்துக்கொண்டு மேலே கிளம்பும். பசையைத் திட்டிப் பயனில்லை.

சிடார் முதல் நாளிலிருந்தே வாய்விட்டுப் பாடும். ஆனால் நகம் பட்டாலே குழி விழும். பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வைத்து ஓங்கி அடிப்பவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இனி ஈரம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் 75 சதவீதக் காற்றீரத்தில் கிடக்கும் மரத்துக்குள் 13–14 சதவீத நீர் நிற்கும். அந்த நிலையிலேயே பலகைக்கு உள்பக்கம் குறுக்கே தாங்கும் உட்கட்டைகளை ஒட்டிவிட்டு, கிட்டாரை ஏசி அறையில் 45 சதவீதத்தில் வைத்தால் மரம் 8-க்கு இறங்கும். 400 மி.மீ. அகலப் பலகை கிட்டத்தட்ட 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். குறுக்கே ஒட்டிய கட்டையோ தன் நீளத்தில் சுருங்காது. பலகை பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஒட்டும் வேலை நடக்கும் அறையை 45 சதவீதத்தில் வையுங்கள். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். 185 கிராம் பலகை 8 கிராம் வரை இழக்கும். இரண்டு வாரம் எடை அசையாமல் நின்றால் கை வைக்கலாம். பின்பலகைக்குப் போகும் ஈட்டி மரத்துக்கு இதைவிட நாளாகும். காற்றீரம் காட்டும் ஈரமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க, ஈர உப்புக் கிண்ணத்தோடு அதை ஒரு டப்பாவில் மூடி, ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும்.

பின்பலகை, பக்கப்பலகைக்கு வந்தால், உலகம் முழுக்கப் பேர்வாங்கிய மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி, தோதகத்தி என்கிறோமே அதுதான். 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. மரவாடியில் ரோஸ்வுட் என்று கேட்டால் வடக்கத்திச் சிசு மரமும் வரும். எடையை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் கனம்தான். பலகையைப் புதிதாகச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஈட்டி ஊதாச் சாயம் விடும்; அறுக்கும்போது இனிப்பான வாசம் வரும். சிசு பொன்பழுப்பாக இருக்கும். சுரண்டாமல் துடைத்தால் மேலே பூசிய சாயம் ஏமாற்றிவிடும். அதே ஊதாதான் பாலிஷ் போடும்போது மேல்பலகை ஓரத்தில் இறங்கிக் கறையாக்கும். அதனால் மேல்பலகைக்கு முதலில் ஒரு பூச்சுக் கொடுத்துவிட வேண்டும். ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்கவும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம்: இந்தத் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிறைப்பையும் கொடுக்கும். அனுமதியும் ரசீதும் இல்லாத ஈட்டி வேண்டவே வேண்டாம். காரைக்குடிப் பழைய சாமான் கடையில் கிடைக்கும் மேசைப் பலகை நன்றாகக் காய்ந்திருக்கும். உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே ரம்பத்தில் ஏற்றுங்கள்.

ஈட்டிக்காக இவ்வளவு அலைய வேண்டுமா? 2018-இல் வெளிவந்த லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களை 52 பேர் பார்க்காமல் வாசித்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் சபேலி மரத்துக்கும் மகோகனிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் காணவில்லை. நீண்ட நாள் உழைப்பில் மகோகனியே மேல்: ஈரம் மாறினாலும் குறைவாகவே சுருங்கி விரியும், 2 மி.மீ. தடிமனில் சூட்டுக் குழாயில் சுலபமாக வளையும். வீணைக்குப் போகும் பலாவும் தாராளமாக ஆகும். நார் பின்னிக் கிடப்பதால் இழைப்புளி பிய்த்தெடுக்கும். கூரான பிளேடும் பொறுமையும் வேண்டும். தேக்கு உளியின் முனையை மழுக்கும், எண்ணெய்ப் பிசுக்கால் ஒட்டுவதிலும் தகராறு செய்யும்; ஆகாது என்று இல்லை, படும் பாட்டுக்குப் பலன் இல்லை.

விரல்பலகைக்குக் கருங்காலி கேட்டால் இப்போது மாலைக்கடைக் கருங்காலிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரில் செங்கருங்காலியும் கலந்து ஓடுகிறது. விற்பவர் சொல்லை விட்டு முனையை இழைத்துப் பாருங்கள்: உள்வரைக்கும் கறுப்பாக, துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமாக இருக்க வேண்டும். கருங்காலி காய நிறைய நாள் பிடிக்கும். 8 மி.மீ. பலகையாக அறுத்து, முனைகளில் மெழுகு தடவி ஒரு வருடமாவது விட்டுவிட்டு, பிறகு 6-க்கு இழைத்து ஃபிரெட் அடித்தால் முனைகள் வெளியே நீட்டாது. அவ்வளவு நாள் காக்க முடியாதென்றால் ஈட்டித் துண்டையே போட்டுவிடலாம்.