பட்டாளத்துப் பிள்ளையின் தபால் ஓட்டு: குடியாத்தம், சித்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்காக ஒரு மதிப்பீடு

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் சாலையில், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நிறைய. தேர்தல் வந்துவிட்டால் அந்த வீடுகளில் ஒரே கேள்விதான். லடாக்கிலோ அருணாசலத்திலோ நிற்கிற பையனின் ஓட்டு நிஜமாகவே இங்கே வந்து எண்ணப்படுகிறதா? எண்ணப்படுகிறது. ஆனால் பாதி வழியில் வீணாகிற ஓட்டும் கொஞ்சமல்ல. அது எந்த இடத்தில் வீணாகிறது என்று தெரிந்தால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம். சேவையின் முழுப்பெயர் மின்னணு முறையில் அனுப்பப்படும் தபால் வாக்குச்சீட்டு. யூனிட்டில் ஈ.டி.பி.பி.எஸ். என்று சொன்னால் போதும்.

முன்பு ஓட்டுச்சீட்டு தபாலில் போய், தபாலிலேயே திரும்ப வேண்டியிருந்தது. வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் சீட்டையே தயாரிக்க முடியும். அதற்கப்புறம் போகவர நாள் எங்கே இருக்கிறது? 2016 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, போகிற வழியை மட்டும் கணினிக்கு மாற்றினார்கள். முதலில் சோதித்துப் பார்த்தது புதுச்சேரியில், அதே ஆண்டு நவம்பரில் நடந்த நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். 2019 மக்களவைத் தேர்தலில் பட்டியலில் இருந்த சேவை வாக்காளர்கள், அதாவது படையிலோ தூதரகத்திலோ பணிபுரிவதால் இப்படி ஓட்டுப்போடுகிறவர்கள், 18,02,646 பேர். திரும்பி வந்த சீட்டுகள் 10,84,266. அதாவது நூற்றுக்கு 60. பழைய நிலைமையோடு பார்த்தால் இது பெரிய காரியம், மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனாலும் 7 லட்சத்துக்கு மேல் சீட்டுகள் திரும்பவே இல்லை. வருகிற வழி இன்னும் தபால் பைதான்.

முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது. ராணுவம், கடற்படை, விமானப்படையில் இருப்பவர்களுக்கும் மத்திய ஆயுதப் படையினருக்கும் படிவம் 2. சொந்த மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் மாநில ஆயுதப் போலீசுக்கு 2ஏ. வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியருக்குப் படிவம் 3. பெயர்கள் தொகுதிப் பட்டியலின் கடைசிப் பாகத்தில் தனியாக வரும். இவர்களுக்கு ஓட்டர் ஐடி அட்டை கிடையாது. அட்டை வரவில்லையே என்று தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது வீண் அலைச்சல். குவார்ட்டர்ஸில் கூடவே தங்கியிருக்கும் கணவனோ மனைவியோ அவருடன் சேர்ந்து சேவை வாக்காளர் ஆகலாம். முன்பு சட்டத்தில் ‘மனைவி’ என்று மட்டும் இருந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு பெண் அதிகாரியின் கணவருக்கும் அந்த உரிமை உண்டு. 18 வயதான மகனுக்கும் மகளுக்கும் கிடையாது. மனைவி ஊரில் மாமியார் வீட்டில் இருந்தால் அவர் சாதாரண வாக்காளர், புதிதாகப் பெயர் சேர்க்க எல்லோரும் கொடுக்கும் வழக்கமான படிவம் 6 போதும். துபாயிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவர்கள் ஓட்டுப்போட இன்றைக்கும் நேரில்தான் வர வேண்டும்.

எல்லைப் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பையன் சேரும்போது கொடுத்த விலாசம் குடிபாலா மண்டலத்தில் தாத்தா வீடு. பிறகு குடும்பம் குடியாத்தம் டவுனுக்கு வந்துவிட்டது. ரெக்கார்டில் சித்தூர் மாவட்டம், ரேஷன் கார்டில் வேலூர் மாவட்டம். லீவுக்கு வந்த சமயத்தில் யாரோ சொன்னார்கள் என்று, பூத் அளவில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரான பி.எல்.ஓ.விடம் படிவம் 6 எழுதிக் கொடுத்துவிடுகிறார். இப்போது இரண்டு மாநிலத்திலும் பெயர். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 17, 18 பிரிவுகளின்படி இது கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடை போட்டிருக்கும் பிள்ளைக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. சொந்த ஊர் மாறியிருந்தால் யூனிட் மூலமாகப் புதிதாகப் படிவம் 2 கொடுக்க வேண்டும். பி.எல்.ஓ.விடம் போக வேண்டியது உபரியாக இருக்கும் பெயரை நீக்கும் படிவம் 7-க்கு மட்டும். ஓய்வு பெற்று வந்ததும் சேவைப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அப்போதுதான் அவருக்குப் படிவம் 6. பலர் இதை மறந்து, அடுத்த தேர்தலன்று பூத்துக்குப் போய்ப் பெயர் இல்லாமல் திரும்புகிறார்கள்.

பட்டியல் பகுதிக்கு 5-க்கு 3 தரலாம். பிழை விழுந்தால் திருத்துகிற வழி குடும்பத்தின் கையில் இல்லை, யூனிட்டின் கையில் இருக்கிறது என்பதே குறை.

அனுப்புகிற பகுதிக்கு 4.5 கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. வேட்பாளர் பட்டியல் இறுதியானதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கணினியில் சீட்டை ஏற்றுகிறார். யூனிட்டில் இதற்கென்று இருக்கும் அதிகாரியின் லாகினில் அது வந்து நிற்கும். ஓ.டி.பி. ஒன்று, சீட்டைத் திறக்கத் தனி பின் நம்பர் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் அச்சாகும். கூடவே 13ஏ உறுதிமொழி, உள்கவருக்கு ஒட்டும் 13பி, வெளிக்கவருக்கு ஒட்டும் 13சி, வழிமுறை எழுதிய 13டி. இந்த நான்கு எழுத்தும் எது எதற்கு என்று பையனுக்குப் பாடமாக இருந்தால் ஓட்டு முக்கால்வாசி பிழைத்த மாதிரி.

வரிசை இப்படி. தனியாக உட்கார்ந்து, பேனாவால் ஒரே ஒரு வேட்பாளருக்கு நேரே தெளிவாகக் குறி. டிக்கா, பெருக்கல் குறியா என்பது பெரிதில்லை. யாருக்கு என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கட்டத்தின் நடுக்கோட்டில் விழுந்த குறி செல்லாது. சீட்டில் பெயர், கையெழுத்து, ‘ஜெய்ஹிந்த்’ என்று எதையும் எழுதக் கூடாது. யார் போட்டது என்று அடையாளம் காட்டுகிற எதுவும் சீட்டைக் கொன்றுவிடும். சீட்டை மட்டும் உள்கவரில் போட்டு ஒட்டி, 13பி-யை மேலே ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் அதிகாரியிடம் போக வேண்டும். அவர் முன்னால் 13ஏ-வில் கையெழுத்துப் போட, அவர் அதைச் சான்றளிப்பார். அவர் சான்றளிப்பது கையெழுத்தை மட்டுமே, யாருக்குப் போட்டோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்கவரை முன்கூட்டியே ஒட்டிவிடச் சொல்வது அதற்காகத்தான். பிறகு ஒட்டிய உள்கவர், 13ஏ தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிக்கவருக்குள் வைத்து, 13சி ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டும். தபால்தலை வேண்டாம், செலவு அரசுடையது.

அடிக்கடி நடக்கிற தவறு ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். பத்திரமாக இருக்கட்டும் என்று 13ஏ-வையும் சீட்டோடு சேர்த்து உள்கவரில் போட்டு ஒட்டிவிடுவார்கள். எண்ணும் மேசையில் என்ன ஆகிறது? முதலில் வெளிக்கவரின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு கவர் வந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கவரைத் திறந்து 13ஏ-வைத் தேடுகிறார்கள். அது வெளியே இல்லையென்றால் உள்கவரைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். ‘உறுதிமொழி இல்லை’ என்று தனிக்கட்டில் போய்விடும். அந்தத் தாள் அரை அங்குலம் உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் ஓட்டு போச்சு. கையெழுத்து இல்லாத 13ஏ, சான்றளிக்காத 13ஏ, எண் பொருந்தாத உள்கவர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சான்றளிப்பவரின் பெயர், பதவி, முத்திரை மூன்றையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. 2024-ல் ஆந்திராவில் தேர்தல் பணி ஊழியர்களின் தபால் ஓட்டில் முத்திரை இல்லாத 13ஏ செல்லுமா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் பிள்ளையின் தாளில் அந்தக் கேள்விக்கே இடம் வைக்க வேண்டாம். க்யூஆர் அச்சான இடத்தில் மடிப்பு, பசை, செலோடேப் எதுவும் படக் கூடாது. மை மங்கிய பிரிண்டரில் எடுத்த தாளாக இருந்தால் வேறு பிரிண்டரைக் கேட்பதில் வெட்கமில்லை.

சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை இரண்டு மடங்கு. ஆந்திராவில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல், 2024-ல் மே 13 அன்று நடந்ததைப் போல. சீட்டு இரண்டு, 13ஏ இரண்டு, உள்கவர் இரண்டு, வெளிக்கவர் இரண்டு. இரண்டும் ஒரே பிரிண்டரில் ஒரே வெள்ளைத் தாளில் வருவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றை முழுவதும் முடித்து, வெளிக்கவரை ஒட்டிய பிறகுதான் அடுத்ததைக் கையில் எடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு ஓட்டும் ஒன்றாகப் போகும்.

விலாசத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும், ஆனால் திருத்தக் கூடாது. காட்பாடிக்காரருக்கு மக்களவைத் தேர்தலில் ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலக விலாசம் வந்தால் அது பிழையல்ல. காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. குடியாத்தம், கே.வி.குப்பம் வேலூருக்குள் வரும். திருத்தணியும் அரக்கோணத்தில்தான். 1960 ஏப்ரலில் ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்த ஊர் அது. பழைய நினைப்பில் சித்தூர் என்று எழுதிவிட வேண்டாம்.

திரும்புகிற பகுதிக்கு 2.5-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஓட்டுப்பதிவு நாளுக்குள் சேர வேண்டும் என்று நினைத்து, நாள் தாண்டிவிட்டதே என்று கவரைக் கிழித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன்னால் வந்தால் போதும், பெரும்பாலும் காலை 8 மணி. அதற்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வந்த நேரத்தைக் குறித்து, பிரிக்காமலேயே கட்டி வைத்துவிடுவார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. தாராளமான அவகாசம். எல்லாத் தேர்தலும் அப்படி அமையாது. 2019-ல் வேலூர்த் தேர்தல் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தாகி, ஆகஸ்ட் 5-க்கு மாறியது. அறிவிப்பே புதிது என்பதால் ஏப்ரலில் அனுப்பிய சீட்டுகள் வெறும் காகிதம். புதுச் சீட்டு வாங்கி மறுபடி அனுப்ப வேண்டும். வாபஸ் நாளுக்கும் ஆகஸ்ட் 9 எண்ணிக்கைக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. மலையில் நிற்கும் போஸ்ட்டிலிருந்து 56 ஏ.பி.ஓ. என்னும் ராணுவத் தபால் நிலையம் வழியாக ஒரு கவர் இறங்கி வேலூர் வருவதற்கு அது மிகக் குறைவு. அந்தத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. பட்டாளத்து வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கவர்களை அலட்சியமாக நினைக்க முடியாது. தள்ளுபடியான தபால் ஓட்டுகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் தள்ளுபடியானவை அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று ஆணையமே சொல்லியிருக்கிறது.

ஆகவே தபால் சரியாக இறங்காத இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை தபால் ஓட்டு அல்ல, பதிலாள் ஓட்டு. ப்ராக்ஸி என்பார்கள். 2003-லிருந்து இருக்கிறது, ஆனால் நம் பக்கத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பாதுகாப்புப் படையினருக்கும் ராணுவச் சட்டம் பொருந்தும் படையினருக்கும் மட்டுமே இது. வெளிமாநிலத்தில் இருக்கும் மாநிலப் போலீசுக்கோ தூதரக ஊழியருக்கோ இல்லை. படிவம் 13எஃப்-இல் பையன் தன் கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்திட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும். பதிலாளாக இருப்பவர் நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்டு, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். லீவில் ஊரிலேயே இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக நோட்டரியிடம் போய் ஒரே நாளில் முடித்துவிடலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குள் சேர வேண்டும், பிந்தினால் அந்தத் தேர்தலுக்குச் செல்லாது. பதிலாளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அதே தொகுதியில் குடியிருக்க வேண்டும். எல்லை தாண்டி மூன்று கிலோமீட்டரில் சொந்த அக்கா இருந்தாலும் அவரைப் போட முடியாது. ஒருமுறை நியமித்தால், ரத்து செய்யும் 13ஜி கொடுக்கும் வரை அடுத்தடுத்த தேர்தல்களுக்கும் செல்லும். நியமித்தபின் தபால் சீட்டு வராது. வரவில்லையே என்று யூனிட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நம்பிக்கைதான் இதில் முழு முதல். யாருக்குப் போட்டார் என்பதைப் பதிலாளைத் தவிர யாரும் அறிய முடியாது. எனவே அப்பாவா, அண்ணனா, மனைவியா என்பதைப் பையனே முடிவு செய்யட்டும், வீட்டில் யாரும் வற்புறுத்த வேண்டாம். பூத்தில் பதிலாளின் இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள். தன் சொந்த ஓட்டுக்கு வழக்கம்போல ஆட்காட்டி விரலில். அம்மா இரண்டு விரலிலும் மையோடு வெளியே வந்தால், பூத் வாசலில் நிற்கும் ஏஜென்ட்கள் கள்ள ஓட்டு என்று சத்தம் போடாமல், உள்ளே இருக்கும் பட்டியலில் பையன் பெயருக்கு நேரே பதிலாள் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.