லிஃபிடெகிராஸ்ட் கண் சொட்டு மருந்து: கசக்கிறது, ஆனாலும் நிறுத்தமாட்டேன்

கண் வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீரை விட்டு விட்டுச் சலித்துப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். லிஃபிடெகிராஸ்ட், 5 சதவீதச் சொட்டு மருந்து, அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்றது. காலையும் இரவும் கண்ணுக்கு ஒவ்வொரு சொட்டு. டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். விட்டவுடன் எரியும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அதனால் வண்டியை எடுக்கும் முன் விடாதீர்கள். அப்புறம் அந்தக் கசப்பு! கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது, கையோடு காபி குடித்தால் காபியும் போச்சு. மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால் எனக்குப் பாதி குறைகிறது. எனக்கு மட்டும்தானோ என்று பார்த்தால் இல்லை, மருந்துச் சோதனைகளிலேயே எரிச்சல், சுவை மாற்றம், பார்வை மங்கல் மூன்றும் 100-ல் 5 முதல் 25 பேருக்கு வந்திருக்கின்றன.

சரி, இவ்வளவு பட்டும் ஏன் இதை நிறுத்தவில்லை என்றால், இது கண்ணை நனைக்கிற மருந்தே இல்லை. வறண்ட கண்ணின் மேற்பரப்புச் செல்களில் ஐகேம்-1 என்ற புரதம் அதிகமாக முளைக்கிறது. டி செல் என்கிற வெள்ளை அணுவின் மேல் எல்எஃப்ஏ-1 என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, அது இதைக் கண்டால் நாயுருவி வேட்டியில் ஒட்டுவது மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அணு அங்கேயே தங்கி அழற்சியைக் கிளப்ப, கண் இன்னும் வறளும். இந்த மருந்து எல்எஃப்ஏ-1 மேல் போய் உட்கார்ந்து, ஒட்ட இடமில்லாமல் செய்துவிடுகிறது.

இதே எல்எஃப்ஏ-1-ஐ உடல் முழுக்கத் தடுத்த ஊசி மருந்து ஒன்றும் இருந்தது. எஃபாலிசுமாப், சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் ஒட்டாவிட்டால் தொற்றை யார் தடுப்பது? சிலருக்கு மூளையில் அரிதான வைரஸ் தொற்று வந்து, 2009-ல் அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சொட்டு மருந்தில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு என்பதால்தான் எனக்குத் தைரியம்.

அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. சிலருக்கு இரண்டு வாரத்தில் தெரியும், ஆனால் சோதனைகளையே 12 வாரம் நடத்தியிருக்கிறார்கள், அதுவரை பொறுக்க முடிந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். எனக்கு மணல் உறுத்தல் மெதுவாகத்தான் அடங்கியது, சாயங்காலக் கண் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. விலையும் கடிக்கிறது, இன்சூரன்ஸ் தருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டு விடணும், மறுபடி மாட்ட 15 நிமிடம் ஆகட்டும். குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று இரவுக்கு எடுத்து வைக்காதீர்கள். பிரிசர்வேட்டிவ் கலக்காதது, திறந்தால் அப்போதே இரண்டு கண்ணுக்கும் விட்டுவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான்.