பத்தொன்பது படி

மூன்று வார லீவில் கிருஷ்ணகிரி போய் வந்தேன். விமானம், பெங்களூரிலிருந்து டாக்சி, ஆதார் திருத்தம் எல்லாம் ஒழுங்காக நடந்தன, எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு மாடிப்படியைப் பற்றி.

நவம்பர் மாதம். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் மாதம். அப்பா டெலிபோன் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், வயது 74. இப்போதெல்லாம் தபால்காரரே மெஷினோடு வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்கிறார், 70 ரூபாய்தான். இதையெல்லாம் அமெரிக்காவில், நான் குடியிருக்கும் பிட்ஸ்பர்க்கில் இருந்தபோதே விசாரித்து வைத்திருந்தேன். அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "நான் என்ன படுத்த படுக்கையா?"

அவருடைய பேங்க் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, சாய்தளம் கிடையாது. வாசலை அடைத்துக்கொண்டு நாலு பைக். முதல் படி மட்டும் மற்றவற்றைவிட நாலு விரல் உயரம். ஏழாவது படியோடு கைப்பிடிக் கம்பி முடிந்துபோகிறது. அதற்கு மேல் சுவரில், இடுப்பு உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறுப்புக் கோடு ஒன்று போகிறது. வருகிற கிழவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காக உள்ளங்கையை ஊன்றி ஊன்றிப் போட்ட கோடு. அதுதான் மீதிக் கைப்பிடி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அமெரிக்காவில் இப்படி ஒரு பேங்க் இருந்தால் வழக்கே போட்டிருப்பார்கள் என்று ஆரம்பித்தேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீழே இடம் பார்த்துட்டுதான் இருக்கோம் மேடம், நாலு வருஷமா" என்றார்.

ஆனால் இந்தக் கோபத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிட்ஸ்பர்க் மேடும் பள்ளமுமான ஊர். ஆற்றோரத்து எஃகு ஆலைகளுக்குத் தொழிலாளிகள் இறங்கிப் போவதற்காகக் கட்டிய பொதுப் படிக்கட்டுகள் இன்றும் 700-க்கு மேல் இருக்கின்றன. மேப்பில் தெரு என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் வெறும் படிக்கட்டு. சனிக்கிழமைதோறும் அவற்றைத் தேடித் தேடி ஏறுவதுதான் என் பொழுதுபோக்கு. கான்கிரீட் உதிர்ந்து, புதர் மூடிக் கிடந்தால் இன்னும் சந்தோஷம், நின்று போட்டோ எடுப்பேன். அப்பாவுக்குப் பத்தொன்பது படி என்றதும் தான் எனக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

ஏறும்போது முழங்கைக்கு மேலே அவரைப் பிடித்துக்கொண்டேன். எட்டாவது படியில் நின்றார். மேலே உட்கார்ந்திருந்த அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கைய விடும்மா" என்றார், மெதுவாகத்தான். முப்பது வருஷம் கம்பம் ஏறிய மனிதர். விட்டேன். வேட்டி நுனியை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையை அந்தக் கறுப்புக் கோட்டில் வைத்து ஏறினார். பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கப் போகிறவளைப் போல நானும் ஏறினேன். கூட்டாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார்.

உள்ளே வேலை இரண்டே நிமிடம். படியில் உட்கார்ந்து பேசியது ஒன்றரை மணி நேரம். யாருக்குக் கண் ஆபரேஷன், யார் போய்ச் சேர்ந்தார், எல்லாம் அங்கேதான் தெரிகிறது. தபால்காரரை வரச் சொல்லியிருந்தால் இதற்கு எங்கே போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடியும் முன்பே அதே ஆட்களோடு சையத் பாஷா மலைக்குக் கிளம்பிவிட்டார். ஹைதர், திப்பு காலம் பார்த்த கோட்டை மலை, பாறைப் படி. என்னைக் கூப்பிடவில்லை. விழுந்தால் எனக்குச் செய்தி அனுப்பும் என்று வாங்கி வந்த வாட்ச், சார்ஜரிலேயே கிடந்தது. மொட்டை மாடியில் போய் நின்று மலையைப் பார்த்தேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஆள் தெரிவார்களா என்று ஒருமுறை முயன்றேன். பாறைதான் தெரிந்தது. சரி என்று கீழே இறங்கி, அம்மாவுக்குக் களி கிண்ட உதவினேன்.

ஒன்பதே கால் மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டை முதுகு முழுக்க வியர்வை. "களி ஆறிடுச்சா?" என்றார்.