லோகோவை மறைத்தால் எந்தக் கார்? பென்ஸ், ஆடி, பிஎம்டபிள்யூ

லோகோவைக் கையால் மறைத்துவிட்டு, இது யாருடைய கார் என்று சொல்ல முடிகிறதா? சொகுசுக் கார்களுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். நாற்பது வருடத்துக்கு முன்னால் பென்ஸ், ஆடி, பிஎம்டபிள்யூ மூன்றுமே தேறியிருக்கும்.

எனக்கு அதிகம் வலிப்பது பென்ஸ்தான். 1975 முதல் 1999 வரை புரூனோ சாக்கோ அங்கே வடிவமைப்புத் தலைவர். புது மாடல் வந்ததும் பழையது கிழடு தட்டித் தெரியக்கூடாது, சின்ன பென்ஸைப் பெரிய பென்ஸ் பக்கத்தில் நிறுத்தினால் தம்பி என்று தெரிய வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1979-ல் வந்த எஸ் கிளாஸின் பின்விளக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேல்மூடி மேடும் பள்ளமுமாக வரி வரியாக இருக்கும். சேறு அடித்தால் மேட்டில்தான் அப்பும். பள்ளம் சுத்தமாக இருந்து வெளிச்சத்தை விடும். அழகுக்காக வைத்தது அல்ல. ஆனால் அந்த வரிகளைப் பார்த்தாலே பென்ஸ் போகிறது என்று சொல்லிவிடலாம். 2023 இ கிளாஸில் அதே இடத்தில் நட்சத்திர வடிவில் விளக்கு. லோகோவையே விளக்காக்கிவிட்டார்கள். அதற்கு முன் 2021-ல் வந்த மின்சார இக்யூஎஸ்ஸின் காற்றுத் தடை எண் 0.20. இந்த எண் குறையக் குறைய கார் காற்றை எளிதாகக் கிழித்துப் போகும். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் மூக்கிலிருந்து டிக்கி வரை ஒரே வில்லாக வளைந்த அந்த உடம்பில் யார் பெயரை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

காற்றுதான் எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஆக்குகிறது என்பார்கள். முழுப் பழியையும் காற்றின் மேல் போட நான் தயாரில்லை. 1982-ல் வந்த ஆடி 100-உம் காற்றுக்காகச் செதுக்கிய கார்தான். அதன் எண் 0.30. அதற்காகக் கதவு ஜன்னல் கண்ணாடியை உடம்போடு உடம்பாக வழவழவென்று பொருத்தினார்கள். அதுவே அதன் அடையாளம் ஆனது. அப்படிப்பட்ட ஆடி, 2004 வாக்கில் பம்பர் வரை இறங்கும் ஒற்றைக் கிரில்லுக்கு (முன்பக்க வலைத்தட்டு) மாறியது. அப்புறம் ஏ4, ஏ6, ஏ8 எல்லாவற்றுக்கும் ஒரே முகம், நீளம்தான் வேறு. பெயரிலும் குழப்பம். மின்சாரக் காருக்கு இரட்டைப்படை, பெட்ரோல், டீசலுக்கு ஒற்றைப்படை என்று சொல்லி ஏ4-ஐ ஏ5 ஆக்கினார்கள். 2025 தொடக்கத்தில் அந்த விதியையே கைவிட்டார்கள்.

பிஎம்டபிள்யூவும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். முன்பு பெயரில் உள்ள எண்ணே இன்ஜின் அளவைச் சொல்லும்: 325ஐ என்றால் 2.5 லிட்டர். இப்போதைய 330ஐ-யில் இருப்பது 2 லிட்டர் இன்ஜின். 2020-ல் வந்த 4 சீரிஸில், சிறுநீரக ஜோடி போல் இருக்கும் தங்கள் அடையாளமான கிட்னி கிரில்லை பம்பர் அடிவரை இழுத்துவிட்டார்கள். எனக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் 1961-ல் 1500 மாடலில் வந்த பின் ஜன்னல் மடிப்பு பல மாடல்களில் இன்னும் இருக்கிறது: மேலிருந்து சரிந்து வரும் கோடு, அடியில் சட்டென்று முன்பக்கம் திரும்பும். லோகோவே வேண்டாம், அந்த ஒரு மடிப்பு போதும்.

2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் பிஎம்டபிள்யூவின் மின்சாரக் கார் ஐஎக்ஸ்3 வந்தது. அதில் கிட்னி மறுபடி ஒடுங்கி, நெட்டையாக, அறுபதுகளின் சாயலுக்குத் திரும்பியிருக்கிறது. அதே கண்காட்சியில் பென்ஸ் காட்டிய மின்சார ஜிஎல்சியின் கிரில்லில் 942 ஒளிப்புள்ளிகள். இரண்டையும் என் சோதனைக்கு வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஐஎக்ஸ்3-க்குத்தான்.