மங்குக்கு லேசர் என்று 38,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள், காரைக்குடிப் பக்கத்து மக்களே கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெண்களுக்கும் காட்டுங்கள். முகத்தில் பழுப்புத் திட்டாகப் படிகிற மங்கு இருக்கிறதே, அதை லேசரில் வேரோடு எடுத்துவிடலாம், திரும்ப வராது என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் கட்டியது 38,500 ரூபாய். மங்கு போகவில்லை. முன்பு வெளிறிய பழுப்பாக இருந்த இடம் இப்போது இரண்டு கன்னத்திலும் கருகிப்போய்க் கிடக்கிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கிளினிக்கின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயரை வெளியே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட, தோல், முடி, உடம்பு எடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிறோம் என்று போர்டு வைக்கிற வகை. அவ்வளவு போதும்.

நான் பலகாரம் போடுகிறவள். கல்யாணச் சீருக்கு, தீபாவளிக்கு, சிங்கப்பூர் மலேசியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு என்று மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம். சீசனில் காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் இருட்டும்வரை எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நிற்பேன். இரண்டாவது பிரசவத்தோடு வந்த மங்கு, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மங்குக்கு வைத்தியம் பார்க்கிற எவரும் முதலில் கேட்கவேண்டியது இதைத்தானாம். வெயில் மட்டுமில்லை, அடுப்புச் சூடும் மங்கைக் கருக்க வைக்கும். அந்தக் கிளினிக்கில் ஒருத்தர்கூட நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போனால், பார்த்தது, வருகிறவர்களிடம் பேசி ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று பட்டை குத்தியிருந்த ஒரு பெண்ணை. சின்னப் பெண். முதலில் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னாள். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதாக்கா?" என்றாள். மங்கு வலிக்காது, அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் என் முகத்தைத் தொட்டு அப்படி யாரும் கேட்டதில்லை. விசேஷ வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இப்படிக் கருத்துப்போயிட்டே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவள் "எங்கம்மாவுக்கும் இதே மங்குதாங்க்கா, இதைவிட மோசம், இங்கதான் போச்சு" என்று போனில் படம் காட்டினாள். இடது பக்கம் மங்கு படிந்த முகம், வலது பக்கம் துடைத்துவைத்த முகம். அந்த இடத்தில் நம்பிவிட்டேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். பெற்ற தாயின் படம் என்று சொல்லிக் காட்டுகிறவளை எப்படிச் சந்தேகப்படுவது? அதே படம் வேறொரு ஊர்க் கிளினிக் விளம்பரத்தில் வந்திருப்பதை என் தங்கை மகன் பிறகு எடுத்துக் காட்டினான்.

நான் கேள்வி கேட்காமல் இல்லை. "நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு ஒத்துக்குமா?" என்றேன். "அமெரிக்க மெஷின்க்கா, எல்லாத் தோலுக்கும் சேஃப்." "திரும்ப வராதே?" "வேரோட எடுத்துடும்க்கா." "டாக்டர் யாரு?" "மதுரையில இருந்து வருவாங்க, உங்க ஃபைல அவங்கதான் பார்ப்பாங்க." அந்த டாக்டரை நான் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை.

ஆறு சிட்டிங் 55,000 ரூபாயாம், அன்றைக்கே கட்டினால் 38,500 ரூபாயாம். கையில் அவ்வளவு இல்லை என்றதும், 8,500 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டு மீதி 30,000 ரூபாய்க்கு வட்டியில்லாத இஎம்ஐ என்று என் போனை வாங்கி அவளே ஏதேதோ தட்டினாள், ஓடிபி வந்ததும் கேட்டுப் போட்டுக்கொண்டாள். அது ஏதோ கிளினிக்கில் தவணை கட்டுவது இல்லை, என் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய கடன் என்பதை அவள் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் பணம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் கணக்கில் மட்டும் மாதாமாதம் பிடிக்கிறார்கள், இப்போதும்.

முதல் சிட்டிங்குகளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சிவக்கும், சாயங்காலம் அடங்கும். லேசாக வெளுத்த மாதிரிகூட இருந்தது. பூசிக்கொள்ள ஒரு வெள்ளை டப்பாவில் கிரீம் கொடுத்தார்கள், டப்பாவில் மருந்தின் பெயரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. மூன்றாவது தடவை வழக்கமாகச் செய்கிற பெண் இல்லை, புதிதாக ஒரு பையன். முகத்தில் மரத்துப்போகிற கிரீம் தடவி, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தபிறகு, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை நீட்டி "அட்டெண்டன்ஸ் மாதிரிதான் மேடம்" என்று கையெழுத்து வாங்கினான். மெஷினில் சக்தி நம்பரை ஏற்றிக்கொண்டே, "இந்தவாட்டி கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், ரிசல்ட் சீக்கிரம் தெரியும்" என்றான். எண்ணெய் தெறித்தால் எப்படி எரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எரிச்சல்தான், ஒரு அடிக்கு ஒரு தெறிப்பாக, முடி பொசுங்குகிற வாடையோடு. நிறுத்தச் சொன்னேன். "முடியப்போகுது மேடம்" என்று இன்னொரு கன்னத்தையும் முடித்தான்.

ராத்திரிக்குள் முகம் வீங்கி, சின்னச் சின்னக் கொப்புளம். அது உரிந்தபிறகு பார்த்தால் வட்ட வட்டமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மெஷின் முனை எந்த அளவோ அதே அளவில் கருப்பு. கன்னத்தில் முத்திரை குத்தியது தெளிவாகத் தெரியும்படி.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இதைவிட ஆத்திரம். போன் செய்தால் "நார்மல்தான் மேடம், உள்ள இருக்கிற கருப்பு வெளிய வருது." படம் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் "டாக்டர் அடுத்த வாரம் வர்றாங்க." அடுத்த வாரம் போனால் "இப்பத்தான் கிளம்பினாங்க." மோர் கொடுத்த அந்தப் பெண் என்னை வாசலில் பார்த்ததும் உள் அறைக்குப் போய்விட்டாள். மேனேஜர் என்று ஒருவர் வந்து, "வெயில்ல போயிருப்பீங்க, அடுப்புப் பக்கம் நின்னிருப்பீங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார். அடுப்பைப் பற்றி அந்தக் கிளினிக்கில் பேசிய முதல் வார்த்தை அதுதான்! என் 38,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், பேக்கேஜ் பணம் திரும்பாது, வேண்டுமானால் மீதி சிட்டிங்கை முடி வைத்தியத்துக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார். முகம் வெந்துபோனவளிடம் முடி வைத்தியம். கூகுளில் நடந்ததை எழுதினேன், அன்றைக்கே ஹெட் ஆபீஸிலிருந்து போன். "ரிவ்யூவை எடுங்க, அப்புறம் பேசலாம்." எடுக்கவில்லை, அவர்களும் பேசவில்லை.

மதுரையில் தோல் டாக்டர் ஒருவரிடம் போனேன். எம்.டி. படித்தவர். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சத்தில் பார்த்தார், மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாயா, தைராய்டு உண்டா, கர்ப்பத்தடை மாத்திரை உண்டா, என்ன வேலை, எத்தனை நேரம் அடுப்பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். லேசர் வெளிச்சம் கருப்பு நிறமியைத் தேடிப்போய்ச் சூடாக்கும். வெள்ளைக்காரர் தோலில் மேல்தோலில் நிறமி குறைவு, அதனால் குறிவைத்த இடத்தில் விழும். நம் தோலில் மேலேயே நிறமி நிறைய இருப்பதால் அதுவே சூட்டைக் குடித்துவிடும். சூடு பட்டால் நம் தோல் இன்னும் கருக்கும். மங்குக்கோ அந்தச் சூடே எதிரி. சில டாக்டர்கள் மங்குக்கும் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரை ரொம்பக் குறைந்த சக்தியில் வைத்துப் பார்ப்பது உண்டாம், ஆனால் கிரீமும் மாத்திரையும் சரிவராதபோது கூடுதலாக மட்டும், அதுவும் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். அளவு மீறி அடித்துக்கொண்டே போனால் அரிசிப் பொட்டு அளவில் வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை லேசில் ஆறாது. மிச்ச சிட்டிங்குகளையும் முடித்திருந்தால் என் கதி என்ன என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

லேசரே மோசம் என்று நான் சொல்லவில்லை, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணைச் சுற்றிப் பிறவியிலேயே நீலம் பாய்ந்த மாதிரி வருகிற ஓட்டா மச்சத்துக்கு இதே வகை லேசர்தான் நல்ல வைத்தியமாம். பச்சை குத்தியதை எடுப்பது, குழந்தைகளின் சிவப்புப் பிறவித் தழும்பு, வெண்புள்ளி நோய்க்கு 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர், எல்லாம் டாக்டர் கையில் பலன் தருகிறவை. நோய்க்குத் தக்க மெஷின், தோலுக்குத் தக்க சக்தி. என் கன்னத்தில் எந்த மெஷினை எத்தனை ஜூல் சக்தியில் அடித்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லி இன்றுவரை கேட்கிறேன், தரமாட்டேன் என்கிறார்கள். மதுரை டாக்டருக்கே அது தெரிந்தால் உதவியாக இருக்கும்.

இப்போது என் வைத்தியம் என்ன தெரியுமா? இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாகச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன், வீட்டுக்குள் இருந்தாலும். ராத்திரிக்கு ஒரு கிரீம், அவர் சொன்ன காலத்துக்கு மட்டும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி, சட்டியிலிருந்து தள்ளி நிற்பது. கருப்பு ஆற மாதக்கணக்கில் ஆகும் என்றார். ஃபீஸும் மருந்தும் சேர்த்து ஆன செலவு, அங்கே கொடுத்த 38,500 ரூபாயில் ஒரு மூலைக்குக் காணாது. இதை முதலிலேயே செய்திருக்கலாம், அந்தக் கவுன்சிலர் பெண் சொல்லியிருந்தால். சொல்ல மாட்டாள், அதில் அவளுக்குக் கமிஷன் ஏது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மாவு ஊறிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு ஒரு சீர் ஆர்டர். அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். டாக்டர் நேரில் முகத்தைப் பார்க்காமல் லேசருக்குப் படுக்காதீர்கள், எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் டாக்டரா என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் சின்ன இடத்தில் அடித்துப் பார்த்துச் சில வாரம் பொறுக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள், எனக்கு அது செய்யவே இல்லை. பெயர் இல்லாத டப்பா கிரீம் வேண்டாம். மொத்தப் பேக்கேஜ் கட்டாதீர்கள், போனை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். கையில் காசு இல்லாதவர்கள் சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போங்கள், தோல் பிரிவு இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது என்கிறார் வக்கீல். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, ஜிபே விவரம், முகத்தின் படங்கள் தேதியோடு, வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட தாளுக்கு அங்கேயே நகல் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் எனக்குச் சொன்ன மாதிரி "சிஸ்டத்துல இல்ல மேடம்" என்பார்கள். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், தவணையை நிறுத்தினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணில் அடி விழும் என்பதால் கட்டிக்கொண்டேதான் வருகிறேன். அடுத்த தவணை ஐந்தாம் தேதி.