சர்வர் ரூமுக்கு வாங்கிய நீர்க்கசிவு சென்சார் கயிறு: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் அலுவலகம் இருப்பது பழைய கட்டடம், சர்வர் ரூமுக்கு நேர் மேலே அடுத்த மாடியின் கழிப்பறை. வேறு அறைக்கு மாற்ற வழியில்லை. போன வருடம் ஏசியின் டிரெயின் குழாயில் பாசி அடைத்து, தட்டு நிரம்பி, ரெய்ஸ்டு ஃப்ளோருக்கு (நிஜத் தரைக்குச் சற்று மேலே, கழற்றக்கூடிய டைல்களால் போட்ட தரை) அடியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வழிந்திருக்கிறது. காலையில் டைலைத் தூக்கிப் பார்த்தபோது பவர் ஸ்டிரிப்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு விரற்கடைதான் இருந்தது.

இத்தனைக்கும் அங்கே ஏற்கெனவே ஒரு சென்சார் இருந்தது. உள்ளங்கை அளவு பெட்டி, தான் உட்கார்ந்திருக்கும் இடம் நனைந்தால் மட்டும் கத்தும். பழைய கட்டடத்தில் தரை எங்கே சமமாக இருக்கிறது? தண்ணீர் எதிர் மூலைக்குப் போய்விட்டது, பெட்டி சத்தமே போடவில்லை.

அதனால்தான் கயிறு மாதிரி வரும் இதை வாங்கினோம். உள்ளே இரண்டு கம்பிகள், தண்ணீர் பட்டு இரண்டுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்தால் அலாரம். 15 மீட்டர் வாங்கி ஏசியைச் சுற்றியும் சுவரோரமாகவும் ஓட்டினோம். எத்தனையாவது மீட்டரில் ஈரம் என்று காட்டும் மாடல் இது, கொஞ்சம் கூடச் செலவானாலும் இதையே வாங்குங்கள். முதல் நிஜ அலாரம் வந்தபோது திரையில் 6 என்று இருந்தது, அந்த இடத்து டைலை மட்டும் தூக்கினோம், எலுமிச்சம்பழ அளவுக்கு ஈரம். மேலே பார்த்தால் குழாய் மூட்டில் சொட்டு.

குறைகளும் உண்டு. கயிறு உலோகத்தில் படக்கூடாது, பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள் என்பதை மேனுவலில் எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முதல் வாரமே இரண்டு பொய் அலாரம். நனைந்தால் துடைத்து நன்றாகக் காயவைக்கும் வரை அலாரம் நிற்காது. அப்புறம், பஸ்ஸரை மட்டும் நம்பாதீர்கள், பூட்டிய அறைக்குள் ராத்திரி அது கத்தினால் யாருக்குக் கேட்கும்? போனுக்கு மெசேஜ் வர வேண்டும், அதுவும் சர்வர்களை அடுக்கியிருக்கும் அதே ரேக்கில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் வழியாக இல்லாமல் தனி சிம் வழியாக. மாதம் ஒருமுறை ஈரத்துணியை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

இதை வாங்குகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது ஒன்று: கயிறு தரையில் கிடக்கிறது, மேலிருந்து ஒழுகினால் ரேக் நனைந்த பிறகுதான் அதற்குத் தெரியும். நாங்கள் ரேக்குக்கு மேலே போகும் குழாயின் அடியில் ஒரு தட்டு மாட்டி, அதிலிருந்து அறைக்கு வெளியே டிரெயின் கொடுத்து, கயிற்றில் ஒரு துண்டை அந்தத் தட்டுக்குள்ளும் போட்டுவிட்டோம்.